நாலு பூஜி, ஒரு இழை

கார் வேலையில பெரிய சாமான் எதுவும் ஆளை ஏமாத்தாது; ஏமாத்துறதெல்லாம் விரல் நீளச் சாமான்தான். கியர் பாக்ஸ் கெட்டா ஊரைக் கூட்டிச் சொல்லும். டயர் வெடிச்சா நாலு தெருவுக்குக் கேக்கும். பூஜி கெட்டா மட்டும் வாயே திறக்காது. பூஜின்னா என்னமோ ஏதோன்னு பயந்துடாதீங்க. மத்த ஊருல பிளக்குன்னு சொல்வாங்களே, இஞ்சின் தலையில திருகி வெச்சிருக்கும், பெட்ரோலைப் பத்தவைக்கப் பொறி குடுக்கும், அதுக்குப் பிரெஞ்சுக்காரன் வெச்ச பேரு அது. புதுச்சேரியில கொடி மாறினப்புறமும் கராஜுக்குள்ள அந்தப் பேரு மாறல. நகக் கண்ணுல கரியோட சோறு பிசைஞ்சு தின்ன அத்தனை பேருக்கும் நான் சொல்றது சட்டுனு புரியும். மத்தவங்க கொஞ்சம் நகந்து உக்காந்து கேளுங்க.

தேங்காய், கற்பூரம்

கொடி மாறின வருஷம்தான் நான் லூர்து முசியேவோட கராஜுல சேந்தேன். அதுக்கு முன்னாடி மூலக்குளத்துல சைக்கிள் கடையில இருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம்; சைக்கிளுக்குக் காத்தடிச்சுக் குடும்பம் நடத்த முடியல. முசியேன்னா பிரெஞ்சுல ஐயான்னு அர்த்தம்; மத்தபடி அவரு நம்ம ஊர் தமிழ்க் கிறிஸ்தவர்தான். ஆனா பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு, பாதிப் பேச்சு அதுலயே வரும். கோபம் வந்தா முழுப் பேச்சும் அதுல வரும். அது எங்களுக்கும் நல்லதாப் போச்சு, என்ன திட்டுறாருன்னு புரியாது.

மொத நாள் காலையில ஒரு காரோட மூடியைத் தூக்கி வெச்சிருந்தாரு. "கலியபெருமாள், இந்த வண்டிக்கு மொதல்ல பூஜியைக் கவனி"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. கிறிஸ்தவர் வாயில பூஜைங்கிறது பூஜின்னு வருதுபோலன்னு நெனச்சேன். புது வேலைக்காரன் மனசறிஞ்சு, அவன் சாமியைக் கும்பிட்டு ஆரம்பிக்கட்டும்னு சொல்றாரே, எம்மாம் பெரிய மனசுன்னு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. மூலைக் கடைக்கு ஓடினேன். தேங்கா, வெத்தல பாக்கு, ரெண்டு வாழப்பழம், கற்பூரம், எலுமிச்சம்பழம் எல்லாம் வாங்கியாந்தேன். பெட்ரோல் சொட்டிக்கிட்டிருக்கிற இஞ்சினுக்கு முன்னாடி கற்பூரத்தை வெச்சு, நெருப்புக் குச்சியைக் கிழிக்கிற நேரத்துல முசியே பாஞ்சு வந்து பெட்டியைப் புடுங்கினாரு. "நான் கேட்டது இஞ்சினுக்குள்ள பத்தவைக்கிற சாமான்யா, நீ கராஜையே பத்தவைக்கப் பாத்தியே!"

இம்மாந்தூண்டு நெருப்பு

அன்னைக்குச் சாயங்காலமே, கோபம் ஆறினப்புறம், முசியே என்னை ஒரு இருட்டு மூலைக்குக் கூட்டிட்டுப் போனாரு. பூஜியைக் கழட்டி, ஒயரோட இஞ்சின் இரும்பு மேலயே படுக்க வெச்சாரு. "முன்னாடி போய் ஹேண்டிலைச் சுத்து"ன்னு இன்னொரு ஆளுகிட்ட சொன்னாரு. சுத்தினதும் பூஜியோட நுனியில நீலமா ஒரு பொறி தாண்டுச்சு பாருங்க. டிக், டிக், டிக். அவ்வளவுதான். எறும்பு வாய் அளவு இருக்கும். ஐயோ, நான் அப்படியே குத்துக்காலிட்டு உக்காந்துட்டேன். இதுவா இந்த இரும்பு மாட்டை இழுக்குதுன்னு நம்பவே முடியல. "அந்தப் பாஷையில மெழுகுவத்திக்கும் பூஜிதான் பேரு. இதுவும் ஒரு மெழுகுவத்தின்னு வெச்சுக்க"ன்னாரு முசியே. வெச்சுக்கிட்டேன். பின்னாடி அது எங்க கொண்டுபோய் விடும்னு அப்ப எனக்குத் தெரியாது.

தீந்துபோன பூஜி ஒண்ணை மடியில கட்டிக்கிட்டுப் போய் வீட்டுக்காரிகிட்ட காட்டினேன். நடுவுல வெள்ளைப் பீங்கான், கீழ இரும்பு மறை, நுனியில வளைஞ்ச கம்பின்னு ஒண்ணொண்ணாச் சொல்லி, அந்தப் பொறியைப் பத்தியும் வாய் ஓயாம சொன்னேன். அவ ஈர விறகோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தா. ஊதாங்குழலைக் கீழ வெச்சிட்டு பூஜியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. "இம்மாந்தூண்டு நெருப்புல ஊரையே சுத்துறாங்க, நான் ஊதுற ஊதுக்கு ஒரு உலை கொதிக்கமாட்டேங்குது!"

ஆறு பிளேடு

புது பூஜின்னா பெட்டியைப் பிரிச்சதும் அப்படியே மாட்டிடலாம்னு நெனைக்கிறவங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். கூடாது. மொதல்ல மறையைப் பாக்கணும், பர், அதான் இரும்புப் பிசிறு, இருக்கான்னு. அப்புறம் வாஷர் இருக்கா, நசுங்கியிருக்கா. அப்புறம் பீங்கான். கடைசியா நுனியில ரெண்டு கம்பிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி. அளக்கிற தகடு எங்ககிட்ட இல்ல. ஷவரம் பண்ற பிளேடு ஆறை ஒண்ணா அடுக்கி உள்ள விட்டா, தொட்டும் தொடாம நுழையணும். அதுதான் கணக்கு.

பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷனோட திரும்பி வந்தவரு ஒருத்தர் எங்க வாடிக்கை. பிரெஞ்சுல சிப்பாய்க்குச் சொல்தா, அதையே பேரா வெச்சு எல்லாரும் கூப்பிடுவோம். மீசைய முறுக்கி, கன்னம் பளபளன்னு இருப்பாரு. அவரு காருக்கு நாலு பூஜியையும் நான் இப்படிப் பாத்துப் பாத்து மாட்டுறதுக்குள்ள அவருக்குப் பொறுமை போயிடுச்சு. கைக்கடியாரத்தைப் பாக்குறாரு, பிளேடைப் பாக்குறாரு, என்னைப் பாக்குறாரு. "என் மூஞ்சிக்கே ஒரு பிளேடு ஒரு வாரம் வருது; இந்த நாலு சனியனுக்கு ஆறா?"

ஏழுமலையோட கண்ணு

இப்ப ஏழுமலையைப் பத்திச் சொல்லணும். என்னைவிட ரெண்டு வயசு சின்னவன், பக்கத்துல சாரம்ங்கிற ஊர்க்காரன். மில்லுல தறியில நின்னவன். அங்க ஆள் குறைச்சப்போ வேலை போயி, எங்க கராஜுக்குச் சாமான் கழுவ வந்தான். மெட்ராஸ்லருந்து நாலு புது பூஜி அடங்கின பெட்டி ஒண்ணு வந்திருந்துச்சு. கப்பல் சரக்கு நின்னுபோன காலம், பூஜிக்கு ஏகப்பட்ட தட்டுப்பாடு. நானும் முசியேயும் ஒவ்வொண்ணா எடுத்துத் தலைக்கு மேல தொங்கின விளக்கு வெளிச்சத்துல பாத்து, எல்லாம் நல்லாருக்குன்னு வெச்சோம். ஏழுமலை மண்ணெண்ணெய்க் கையோட எட்டிப் பாத்துட்டு, "அதுல ஒண்ணுல இழை ஓடுது"ன்னான்.

என்னடா இழைன்னு வாங்கிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. முசியே பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாரு. ஒண்ணும் இல்ல. அவன் விடல. முசியே பில் எழுத வெச்சிருந்த ஊதா மையை, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பசங்க தொட்டு எழுதுற மை, அதை ஒரு சொட்டு பீங்கான் மேல விட்டு, கொஞ்ச நேரம் விட்டு, துணியால துடைச்சாரு. பளபளன்னு இருந்த வெள்ளையில எல்லா மையும் போயிடுச்சு. ஒரு இடத்துல மட்டும் தலைமயிரைவிடச் சன்னமா ஊதாக் கோடு நின்னுச்சு. விரிசல்; பொறி அது வழியா வெளியில ஓடிடும். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. மை போட்டாத்தான் எங்க கண்ணுக்குத் தெரியுது, இவனுக்கு மை போடாமயே தெரிஞ்சிருக்கு! முசியே பூதக்கண்ணாடியை அவன் கையில குடுத்தாரு. அவன் வாங்கிக்கல. "ஆயிரம் இழையில அறுந்த ஒண்ணைத் தேடினவன் முசியே நான், இங்க மொத்தமே நாலுதானே!"

டிங்

இனிமே சொல்லப்போறது சிரிப்புக் கதை இல்ல. பிலோமின் மதாம்னு ஒருத்தங்க. பிரசவம் பாக்குறவங்க. புதுச்சேரியில மட்டுமில்ல, சுத்துப்பட்டு மீனவக் குப்பத்துலயும் அவங்க கை பட்டுப் பொறந்த புள்ளைங்க ஏராளம். சின்னக் கறுப்புக் கார் ஒண்ணு வெச்சிருந்தாங்க, தானே ஓட்டுவாங்க. ஒரு சனிக்கிழம மத்தியானம் வந்தாங்க. தேங்காய்த்திட்டு மீனவக் குப்பத்துல அஞ்சலைன்னு ஒரு பொண்ணுக்கு வலி எடுக்கிற நாள். மொத பிரசவத்துல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்காம, புள்ள செத்துப் பொறந்துச்சாம். "இந்த வாட்டி கார் வாசல்லயே நிக்கும்னு அவ புருஷனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நாலு பூஜியையும் மாத்திடு கலியபெருமாள்"ன்னாங்க.

முசியே சனிக்கிழமையானா சீக்கிரம் கராஜைச் சாத்திட்டுப் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதான் செஞ்ச பாவத்தைப் பாதிரியார்கிட்ட சொல்றதுக்கு, கோயிலுக்குப் போவாரு. ஏழுமலை சாரத்துல ஏதோ கல்யாணம்னு வரல. அதுக்கப்புறம் வந்த பெட்டியில இருந்ததே நாலு புது பூஜிதான், அஞ்சாவது கிடையாது. மூணை மாட்டிட்டேன். நாலாவது எண்ணெய்க் கையிலருந்து வழுக்கி சிமெண்ட் தரையில விழுந்துச்சு. டிங்னு ஒரு சத்தம். எடுத்துத் துடைச்சுப் பாத்தேன், பீங்கான் பளிச்சுனு இருந்துச்சு. ஆறு பிளேடும் ஒழுங்கா நுழைஞ்சுது. மைப் புட்டி பத்து அடி தள்ளி அலமாரியிலதான் இருந்துச்சு. எட்டி எடுத்து ஒரு சொட்டு விட்டுப் பாத்திருக்கலாம். விரிசல் தெரிஞ்சா பழைய பூஜியையாவது திரும்ப மாட்டியிருக்கலாம். ஆனா முசியே கதவண்ட நின்னு சாவியை ஆட்டுறாரு, மதாம் "ஆச்சா"ன்னு கேக்குறாங்க, விழுந்துடுச்சுன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. "ஆச்சு மதாம்"னு சொல்லிக்கிட்டே மாட்டிட்டேன். இஞ்சினும் நல்லாத்தான் கிளம்புச்சு. மதாம் கண்ணாடியை இறக்கிச் சிரிச்சாங்க. "உன் கை பட்டுட்டா எனக்குக் கவலையே இல்ல கலியபெருமாள்."

நாலு மெழுகுவத்தி

திங்கக்கிழம காலையில மதாம் கார் வந்து நின்னுச்சு. பின்சீட்டுலருந்து மார்பு விரிஞ்ச ஒரு ஆளு இறங்கி, கதவண்ட கூச்சமா நின்னாரு. அஞ்சலையோட புருஷன் கன்னியப்பன். மதாம் காரோட மூடியைத் தூக்கி, "நாலாவது பூஜியைக் கழட்டிப் பாருங்க"ன்னாங்க. முசியேவே கழட்டினாரு. பீங்கான் மேல அழுக்குவெள்ளையா ஏதோ படிஞ்சிருந்துச்சு. நகத்தால சுரண்டினாரு. மெழுகு.

நடந்ததை மதாம் சொன்னாங்க. சனிக்கிழம சாயங்காலம் தேங்காய்த்திட்டுக்குப் போயி அஞ்சலையைப் பாத்திருக்காங்க. புள்ள குறுக்க கிடந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், வேற வழியில்ல. ஆனா அதுக்குள்ள ரெண்டு மணி நேரம் கார் கடற்கரைத் தூத்தல்ல நனைஞ்சிருக்கு. அஞ்சலையைப் பின்சீட்டுல படுக்க வெச்சுக் கிளப்பினா, வண்டி மூணு கால் மாடு மாதிரி நொண்டுது, ஈர மணல்ல ஏற மாட்டேங்குது. இந்தக் காரோட அத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவங்க மதாம், மூடியைத் தூக்கிப் பாத்திருக்காங்க. நாலாவது பூஜியில பொறி உள்ள போகாம, பீங்கான் மேல ஒரு கோடு புடிச்சு வெளியில ஓடியிருக்கு. மாட்டுவண்டி கட்டலாம்னா அந்தக் குலுக்கலை அந்தப் பொண்ணு தாங்காது. கன்னியப்பன்கிட்ட சைக்கிளைக் குடுத்து, "லூர்து முசியே கராஜுல ஒரு பூஜி வாங்கிட்டு ஓடியா"ன்னு அனுப்பியிருக்காங்க.

கராஜு சாத்திக் கிடந்துச்சு. நான் வீட்டுக்குப் போயிட்டேன். பாவம் பண்ணினவன் மூலக்குளத்துல சோறு தின்னுக்கிட்டிருந்தேன், முசியே கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிட்டிருந்தாரு! கன்னியப்பன் தெருவுல வந்த ஒரு வயசான மதாமை நிறுத்தி, "பூஜி எங்கம்மா கிடைக்கும்"னு கேட்டிருக்காரு. அவங்களுக்குத் தெரிஞ்ச பூஜி மெழுகுவத்திதான். "இதோ, கோயிலண்ட கடையில"ன்னு கை காட்டிட்டாங்க. கார் பூஜியைக் கண்டறியாத மனுஷன், மதாம் கேட்டது இதுதான்னு நம்பி, ஒண்ணுக்கு நாலா இருக்கட்டும்னு நாலு மெழுகுவத்தி வாங்கிக்கிட்டு, மிதிச்ச மிதியில பெடல் கழண்டு வர்ற மாதிரி திரும்பி வந்திருக்காரு.

பொட்டலத்தைப் பிரிச்சதும் மதாம் காரோட படியில உக்காந்துட்டாங்களாம். அழுறதா சிரிக்கிறதான்னு தெரியலன்னாங்க. உள்ள அந்தப் பொண்ணு முனகிக்கிட்டிருக்கு. கன்னியப்பன் மட்டும் உக்காரல. "எதுனால ஓடமாட்டேங்குது, அதக் காட்டுங்க"ன்னு கேட்டிருக்காரு. "இந்த விரிசல்ல ஈரம் பூந்துடுச்சுப்பா"ன்னு மதாம் கழட்டிக் காட்டியிருக்காங்க. அவரு வேட்டி முனையால பீங்கானைத் துடைச்சு, மெழுகுவத்தி ஒண்ணைக் கொளுத்தி, அந்தச் சூட்டுல ஈரம் போகக் காய வெச்சு, அந்தக் கோட்டு மேலயே சொட்டுச் சொட்டா மெழுகை விட்டுக் கட்டைவிரலால அழுத்தித் தேச்சிருக்காரு. மாட்டினாங்க. சுத்தினாங்க. நாலும் புடிச்சுக்கிச்சு! ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஒரு இருமல் இல்ல. மெழுகு இஞ்சின் சூட்டுல உருகி, விரிசலுக்குள்ளயே இறங்கி அடைச்சிருக்கு. பொம்பளப் புள்ள, தாயும் சேயும் சௌக்கியம். பிரெஞ்சுக்காரன் செஞ்ச காரை மெழுகுவத்தியால ஓட்டலாம்னு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தந்தான்? நான் அந்த ஆளோட கட்டைவிரலையே பாத்துக்கிட்டிருந்தேன். எப்படித் தோணுச்சுன்னு மதாம் கேட்டதுக்கு அவரு சொன்னது இதுதானாம்: "படகுல ஓட்டைன்னா அடைக்கிறோம், இதுலயும் ஓட்டைன்னா அடைக்கவேண்டியதுதானே மதாம்?"

மீதி மூணு

முசியேவுக்குக் கோபம் வந்தது மெட்ராஸ் மேல. "விரிசல் விட்ட சரக்கை அனுப்பிட்டானுங்க, இன்னைக்கே கடுதாசி எழுதுறேன்"னு பேனாவை எடுத்துட்டாரு. நான் வாயைத் திறக்காம இருந்தா, அதோட முடிஞ்சுது. யாருக்கும் தெரியாது. ஏழுமலை பூஜியை வாங்கி ஒரு சுத்து சுத்திப் பாத்தான். மெழுகைப் பாக்கல அவன். கீழ இரும்புல, ஒரு மூலையில அரிசிமுனை அளவுக்கு நசுங்கியிருந்த இடத்தைப் பாத்தான். அப்புறம் என்னைப் பாத்தான். பூஜியை என் கையில வெச்சிட்டு மண்ணெண்ணெய்த் தொட்டிக்கே போயிட்டான்.

"மெட்ராஸ் மேல தப்பு இல்ல முசியே. என் கையிலருந்து விழுந்துச்சு. தெரிஞ்சேதான் மாட்டினேன்"னேன். மதாம் முகம் சுருங்கிடுச்சு. முசியே பிரெஞ்சுலகூடத் திட்டல, அதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. நான் கன்னியப்பன் பக்கம் திரும்பி, மன்னிச்சிடுங்கன்னு கையெடுத்தேன். வேலை போனாலும் போகட்டும்னு தோணிடுச்சு. ரெண்டாவது புள்ளையையும் அந்த மனுஷன் என்னாலதான் பறிகொடுத்திருப்பாரு. அவரு என்னை அடிச்சிருந்தாலும் வாங்கிக்கிட்டிருப்பேன்.

அவரு என் கையில இருந்த பூஜியைப் பாத்தாரு. அப்புறம் இடுப்புல சொருகியிருந்த காகிதப் பொட்டலத்தை எடுத்து என் கையில வெச்சாரு. கொளுத்தாத மெழுகுவத்தி மூணு இருந்துச்சு. "கீழ போட்டது தப்பில்லண்ணே, யாரு கையும் வழுக்கும், போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, நாங்களே அடைச்சுக்குவோம்."

முசியே என்னை வேலையைவிட்டு அனுப்பல. அந்த மூணு மெழுகுவத்தியையும் மைப் புட்டியையும் அலமாரியில பக்கம் பக்கமா வெச்சிக்கிட்டு, ஒவ்வொரு பூஜியையும் துடைச்சு, மை தொட்டு, வெளிச்சத்துல மூணு சுத்து சுத்தி, கண்ணுல ஒத்திக்காத குறையா மாட்டின அத்தனை வருஷத்தையும் நெனச்சுப் பாத்தா, மொத நாள் நான் காதுல வாங்கினதுதான் சரி, அது பூஜையேதான்.